மாலைப் பசிக்கு டிப்பும் சாலடும்: புதிதாகச் செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மாலை நாலரை மணிக்கு வரும் பசிதான் பல வீடுகளில் சிக்கல். பள்ளி விட்டு வந்த பிள்ளைக்குப் பசி, வேலை விட்டு வந்தவர்களுக்கும் பசி, கைக்கு எட்டுவது மிக்சர், பிஸ்கட், இல்லாவிட்டால் தெருமுனைப் பஜ்ஜி. அந்த நேரத்தில் ஃபிரிட்ஜைத் திறந்ததும் ஒரு கிண்ணத்தில் டிப்பும் (காயைத் தொட்டுச் சாப்பிடும் கெட்டியான கலவை) பக்கத்து டப்பாவில் நறுக்கிய காயும் கண்ணில் பட்டால் பெரும்பாலும் அதைத்தான் எடுப்பார்கள், ஏனென்றால் பசிக்கிறவர்களுக்கு வேண்டியது உடனே சாப்பிடக் கிடைக்கும் ஒன்று. காயைக் கழுவி நறுக்கிச் சாப்பிடச் சொன்னால் யாரும் செய்ய மாட்டார்கள். தயாராக இருந்தால் தட்டு காலியாகிவிடும்.

ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், நாளொன்றுக்கு 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் வேண்டும் என்று கணக்குக் கொடுத்திருக்கிறார்கள். சாம்பாரில் கிடக்கும் ரெண்டு துண்டு முருங்கைக்காயும் ஒரு கரண்டிப் பொரியலும் சேர்ந்து அந்தக் கணக்கை எட்டுவது கஷ்டம். மாலையில் ஒரு கேரட், அரை வெள்ளரிக்காய், கூடவே கத்தரிக்காய் டிப் இரண்டு கரண்டி என்று சாப்பிட்டால் ஏறக்குறைய 200 கிராம் அங்கேயே வந்துவிடும்.

இதற்கென்று தனியாக எதுவும் வாங்க வேண்டாம். மிக்ஸி, அதில் சின்ன ஜார், துருவி, கம்பி வடிகட்டி, மெல்லிய பருத்தித் துணி (பழைய வேட்டித் துண்டைத் துவைத்துக் கொதிநீரில் போட்டு எடுத்து வைத்துக்கொண்டால் போதும்), மூடியுள்ள நாலைந்து டப்பா. அவ்வளவுதான். ஆலிவ் எண்ணெயும் லெட்டூஸும் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஒரு குறையும் இல்லை.

தண்ணீர்தான் எல்லாம்

முதல்முறை செய்பவர்களுக்கு டிப் சட்னி மாதிரி ஓடும், சாலட் கால் மணி நேரத்தில் தட்டில் தண்ணீர் விட்டுத் தொங்கிப்போகும். ரெண்டுக்கும் காரணம் ஒன்றே. வெள்ளரிக்காயில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர், தக்காளியிலும் கிட்டத்தட்ட அவ்வளவு, தயிரிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். நறுக்கிய காயின் மேல் உப்பு பட்டதும் உள்ளே இருக்கும் நீர் வெளியே இழுக்கப்படுகிறது, அதனால் காய் துவண்டுவிடும், சுவையும் அந்த நீரோடு கீழே இறங்கிவிடும்.

ஆகவே டிப் செய்யும்போது நீரை முன்கூட்டியே வெளியேற்றிவிட வேண்டும், சாலட் செய்யும்போது நீரைச் சாப்பிடும் நேரம்வரை காய்க்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். கீழே சொல்லப்போகும் எல்லாச் செய்முறையும் இந்த ரெண்டில் ஒன்றுதான். தயிரைத் தொங்கவிடுவது, துருவிய காயைப் பிழிவது, கத்தரிக்காயைச் சுடுவது, துவையலுக்குக் காயைச் சுருள வதக்குவது எல்லாம் நீரை வெளியேற்றும் வழிகள். உப்பைக் கடைசியில் போடுவது, கழுவிய காயைத் துணியில் உலர்த்துவது, வெள்ளரியின் விதைப்பகுதியை வழித்தெடுப்பது எல்லாம் சாலடைக் காப்பாற்றும் வழிகள்.

கழுவுவதில் அவசரம் வேண்டாம்

வேகவைக்காமல் சாப்பிடப் போகிறோம் என்பதால் இந்த வேலையை முழுமையாகச் செய்ய வேண்டும். குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கையால் தேய்த்துக் கழுவுங்கள். கேரட், முள்ளங்கி, பீட்ரூட் போன்ற மண்ணுக்குள் விளைபவற்றுக்கு ஒரு பிரஷ் வைத்துக்கொள்வது நல்லது, தோல் சீவுவதாக இருந்தாலும் முதலில் கழுவிவிட்டுத்தான் சீவ வேண்டும், இல்லையென்றால் கத்தியே அழுக்கை உள்ளே கொண்டுபோகும். முட்டைக்கோஸில் மேல் இலை மூன்றை எடுத்துப் போட்டுவிட்டு, மீதியை இதழ் இதழாகப் பிரித்துக் கழுவுங்கள். கொத்தமல்லி, புதினா, வல்லாரை போன்றவற்றை அகலப் பாத்திரத்தில் நிறைய தண்ணீர் விட்டு அலசி, ஒரு நிமிஷம் அப்படியே விட்டு, கீரையை மேலே அள்ளி எடுக்க வேண்டும். பாத்திரத்தைக் கவிழ்த்து வடிகட்டினால் அடியில் தங்கிய மண் திரும்பவும் கீரைமேலேயே விழும். மண் வருவது நிற்கும்வரை, மூன்று முறையாவது, இப்படிச் செய்யுங்கள். சோப்பு, பாத்திரம் கழுவும் திரவம் எதுவும் காயில் படக் கூடாது.

கழுவியதும் உலர்த்துங்கள். துணியில் பரப்பி மின்விசிறிக்குக் கீழே இருபது நிமிஷம் வைத்தால் போதும். இந்த ஒரு வேலையைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், சாலட் சொதசொதவென்று ஆவதற்குப் பாதிக் காரணம் இதுவே. மீன், கோழி வெட்டும் பலகை வேறு, காய் நறுக்கும் பலகை வேறு என்று பிரித்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. வெள்ளரிக்காயை நறுக்கும் முன் காம்புப் பக்கம் ஒரு சின்னத் துண்டு வெட்டி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசப்புப் பொருள் அந்தப் பக்கத்திலும் தோலிலும்தான் கூடுதலாக இருக்கும். காய் முழுக்கக் கசந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். சுரைக்காய், பீர்க்கங்காய்க்கும் இதுவே விதி. கசக்கும் சுரைக்காயைப் பச்சையாக அரைத்துக் குடித்து உயிருக்கே ஆபத்தானவர்கள் இருக்கிறார்கள்.

முதல் டிப்: கெட்டித் தயிர்

கடைகளில் டிப் என்று கொடுப்பதில் பாதி மயோனைஸ்தான். பச்சை முட்டையில் செய்த மயோனைஸால் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் பரவும் என்பதால், 2025 ஏப்ரல் 8 முதல் தமிழ்நாடு அரசு அதற்கு ஓராண்டுத் தடை விதித்தது. முட்டை சேர்க்காத மயோனைஸிலும் எண்ணெய்தான் பெரும்பங்கு. அதே வழுவழுப்பு நமக்குக் கெட்டித் தயிரிலேயே கிடைக்கும், அதுவும் புரதத்தோடு.

அரை கிலோ தயிர் எடுத்துக்கொள்ளுங்கள். புளிக்காத தயிராக இருக்க வேண்டும், ஏனென்றால் நீர் வடிந்த பிறகு புளிப்பு இன்னும் தூக்கலாகத் தெரியும். வடிகட்டியின் மேல் துணியை விரித்துத் தயிரைக் கொட்டி, துணியின் நாலு முனையையும் சேர்த்து முடிந்து, வடிகட்டியை ஒரு ஆழமான பாத்திரத்தின் மேல் உட்கார வைத்து, அப்படியே ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிடுங்கள். வெளியே தொங்கவிட்டால் நம் ஊர் வெயிலுக்குப் புளித்துவிடும். இரவு வைத்தால் காலையில் தயார், அவசரமென்றால் நாலைந்து மணி நேரம். துணியைப் பிரித்தால் தயிர் உருண்டையாக, துணியின் நெசவு மேலே பதிந்து, கரண்டியால் வழித்தால் வெண்ணெய்போல நிற்கும். அரை கிலோவுக்கு ஏறக்குறைய கால் கிலோ கிடைக்கும். கீழே இறங்கிய மஞ்சள் நிறத் தண்ணீரைக் கொட்ட வேண்டாம், சப்பாத்தி மாவு பிசையலாம், ரசத்தில் சேர்க்கலாம்.

இந்தக் கெட்டித் தயிர்தான் அடிப்படை. இதை வைத்து வாரத்துக்கு ஒரு டிப் மாற்றிக்கொண்டே போகலாம். வெள்ளரியைத் துருவி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுப் பத்து நிமிஷம் வைத்து, கையில் அள்ளி ஒட்டப் பிழிந்துவிட்டு, ஒரு கப் தயிரில் சேர்த்து, ஒரு பல் பூண்டைத் துருவிப் போட்டு, பொடியாக நறுக்கிய புதினாவும் மிளகுத்தூளும் கலந்தால் அது ஒரு டிப். கிரேக்கர்கள் ட்ஸாட்ஸிகி என்று சாப்பிடுவது ஏறக்குறைய இதுதான், நம் வெள்ளரிப் பச்சடிக்கும் அதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் கெட்டித்தன்மை. பிழிந்த வெள்ளரித் தண்ணீரை மோரில் ஊற்றிக் குடித்துவிடுங்கள்.

பீட்ரூட் என்றால் துருவிப் பச்சையாகச் சேர்க்காதீர்கள், மண்வாடை வரும். ஒரு பீட்ரூட்டைத் தோலோடு குக்கரில் வேகவைத்து, ஆறிய பிறகு தோலை உரித்து, தண்ணீர் விடாமல் அரைத்து, ஒரு கப் கெட்டித் தயிரில் மடித்துக் கலந்து, மேலே கடுகு, சீரகம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். நிறத்தைப் பார்த்தே பிள்ளைகள் வருவார்கள். மறுநாள் சிறுநீர் லேசாகச் சிவந்து போனால் பயப்பட வேண்டாம், பீட்ரூட் சாயம் சிலருக்கு அப்படி வெளியேறும்.

சுட்ட கத்தரிக்காய்

டிப்புகளில் எனக்கு இதைவிடப் பிடித்தது வேறில்லை, அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

பெரிய கத்தரிக்காய், 300 முதல் 400 கிராம் வரை இருக்கும் குண்டு ரகம், ஒன்று வாங்குங்கள். கையில் எடுத்தால் பார்வைக்கு இருப்பதைவிட லேசாக இருக்க வேண்டும். கனமாக இருந்தால் உள்ளே விதை முற்றியிருக்கும். தோல் பளபளவென்று, சொத்தை ஓட்டை இல்லாமல் இருக்கட்டும். மேலே எண்ணெய் தடவி, கத்தி முனையால் ஏழெட்டு இடத்தில் குத்திவிடுங்கள். குத்தாமல் அடுப்பில் வைத்தால் உள்ளே ஆவி சேர்ந்து வெடிக்கும். பூண்டு பிடித்தால் நாலு பல்லை அந்தக் குத்திய இடங்களிலேயே செருகிவிடலாம், அதுவும் சேர்ந்து வெந்துவிடும்.

கேஸ் அடுப்பில் மிதமான தீயில் நேராக வைத்து, ரெண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை காம்பைப் பிடித்துத் திருப்புங்கள். முதலில் தோல் சுருங்கும், அப்புறம் கருகி வெடித்துச் செதில் செதிலாகக் கிளம்பும், குத்திய இடங்களில் பழுப்பு நிறச் சாறு நுரைத்து வரும். பதினைந்து நிமிஷத்தில் காய் தன் உருவம் இழந்து தளர்ந்து உட்காரும். காம்பை ஒட்டிய பகுதிதான் கடைசியில் வேகும், அங்கே கத்தி தடையில்லாமல் இறங்கினால் இறக்கிவிடலாம். தோல் கருகிவிட்டதே என்று பாதியில் இறக்கிவிடாதீர்கள், அந்தப் புகை வாசனைக்காகத்தான் இவ்வளவும். இண்டக்‌ஷன் அடுப்பு மட்டும் இருக்கும் வீட்டில் இரும்புத் தோசைக்கல்லில் ரெண்டாகப் பிளந்து, வெட்டிய பக்கம் கீழே படும்படி வைத்து மூடிச் சுடலாம், புகை வாசனை குறையும், மற்றபடி நன்றாகவே வரும்.

இறக்கியதும் ஒரு பாத்திரத்தில் போட்டுப் பத்து நிமிஷம் மூடி வையுங்கள். தோல் தானாகக் கழன்றுவிடும். உரிக்கும்போது குழாயடியில் காட்டிக் கழுவ வேண்டாம், வாசனை முழுக்கப் போய்விடும். கையைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு உரித்தால் போதும், ரெண்டொரு கரும்புள்ளி ஒட்டியிருந்தாலும் பரவாயில்லை. உரித்த சதையை வடிகட்டியில் போட்டுக் கால் மணி நேரம் விடுங்கள், கசப்பான சாறு கீழே இறங்கும். பிறகு மிக்ஸியில் போடாமல் முள்கரண்டியாலோ மத்தாலோ மசியுங்கள். மிக்ஸியில் அடித்தால் கொழகொழவென்று பசை ஆகிவிடும், மசித்தால் நார் நாராக நிற்கும்.

இதற்கு மேல் ரெண்டு வழி. நம் வழி என்றால், பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கால் டீஸ்பூன் கெட்டிப் புளிக்கரைசல், உப்பு, மேலே நல்லெண்ணெயில் கடுகும் பெருங்காயமும் தாளித்தது. லெபனான், சிரியா பக்கத்து வழி என்றால் எள் விழுது (செய்முறை அடுத்த டிப்பில்) ரெண்டு டேபிள்ஸ்பூன், எலுமிச்சைச் சாறு, உப்பு, அதுதான் பாபா கனூஷ். சுட்ட அப்பளத்தை உடைத்து இந்தக் கத்தரிக்காயில் தொட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள்.

கொண்டைக்கடலை டிப்

ஹம்மஸ் என்று கடையில் சின்ன டப்பாவுக்கு நிறைய விலை கேட்கிறார்கள். வீட்டில் செய்தால் கடலை, எள், எலுமிச்சை, பூண்டு விலைதான்.

ஒரு கப் வெள்ளைக் கொண்டைக்கடலையை இரவே ஊறவையுங்கள். காலையில் அந்தத் தண்ணீரை மாற்றி, கால் டீஸ்பூனுக்கும் குறைவாகச் சமையல் சோடா போட்டு, குக்கரில் ஏழெட்டு விசில் விடுங்கள். சுண்டலுக்கு வேகவைக்கும் பதம் இதற்குப் போதாது. விரலால் லேசாக அழுத்தினாலே குழைந்து போக வேண்டும், அப்போதுதான் டிப் வழுவழுப்பாக வரும். வெந்த தண்ணீரை வடித்துத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எள் விழுதுக்கு வெள்ளை எள் நாலு டேபிள்ஸ்பூன். வெறும் வாணலியில் மிகச் சிறுதீயில் நிறம் மாறுவதற்கு முன்பே இறக்கிவிட வேண்டும், சிவக்க வறுத்தால் கசக்கும். ஆறியதும் சின்ன ஜாரில் பொடித்து, ரெண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெய் விட்டு அரையுங்கள். முழுக்க நல்லெண்ணெய் விட்டால் வாசனை தூக்கலாக இருக்கும், பாதிக்குப் பாதி கடலை எண்ணெய் சேர்க்கலாம். இந்த விழுதோடு ரெண்டு பல் பூண்டு, ஒரு பெரிய எலுமிச்சம்பழச் சாறு, உப்பு சேர்த்து முதலில் ஒரு சுற்று ஓட்டி, பிறகு கடலையைப் போட்டு அரையுங்கள். மிக்ஸி திணறும்போது ஐஸ் தண்ணீர் ஒவ்வொரு ஸ்பூனாக விடுங்கள். குளிர்ந்த தண்ணீர் விட்டால் டிப் வெளுத்து, உப்பிக்கொண்டு வரும். வெந்த தண்ணீரை விட்டால் சுவை கூடும், ஆனால் ஆறிய பிறகுதான் விட வேண்டும். ஆறியதும் டிப் இறுகும், அதனால் அரைக்கும்போது வேண்டியதைவிட ஒரு மாற்று தளர்வாக நிறுத்துங்கள்.

இதிலேயே பாதியை எடுத்து, வேகவைத்த பரங்கிக்காய் ஒரு கப் சேர்த்து அரைத்தால் காய்கறி டிப் ஆகிவிடும். கேரட்டும் அப்படியே. பசலையை ஒரு நிமிஷம் கொதிநீரில் போட்டெடுத்து ஒட்டப் பிழிந்து சேர்த்தால் பச்சை நிறத்தில் வரும்.

வீட்டில் இருக்கும் துவையலே டிப்

பீர்க்கங்காய்த் தோல், முட்டைக்கோஸ், கேரட், கொத்தமல்லித் தண்டு, பிரண்டை என்று எதில் வேண்டுமானாலும் துவையல் அரைக்கத் தெரிந்தவர்களுக்கு டிப் புதிதே இல்லை. ஒரு டேபிள்ஸ்பூன் உளுத்தம்பருப்பு, மூன்று காய்ந்த மிளகாய் சிவக்க வறுத்து, காயைத் தண்ணீர் சுண்டும்வரை வதக்கி, கொட்டைப்பாக்கில் பாதி அளவு புளி, உப்பு வைத்து, தண்ணீர் விடாமல் மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டி அரையுங்கள். சாதத்துக்குப் பிசைய எடுத்ததுபோக மீந்த துவையலில் ரெண்டு ஸ்பூனுக்கு நாலு ஸ்பூன் கெட்டித் தயிர் கலந்தால் நேர்த்தியான டிப். தயிர் சேரப்போகிறது என்று தெரிந்தால் புளியைக் குறைத்துவிடுங்கள். பிரண்டையைச் சரியாக வதக்காவிட்டால் நாக்கும் தொண்டையும் அரிக்கும், புதிதாகச் செய்பவர்கள் பீர்க்கங்காய்த் தோலில் தொடங்குங்கள்.

தொட்டுக்கொள்ள என்ன

கேரட், வெள்ளரி, குடைமிளகாய், இளம் முள்ளங்கி, நூல்கோல். சுண்டுவிரல் நீளம், அதே தடிமன். மெல்லியதாகச் சீவினால் டிப்பை அள்ளும்போது வளையும். பீன்ஸை உப்புக் கொதிநீரில் ரெண்டு நிமிஷம் போட்டு உடனே குளிர்ந்த தண்ணீருக்கு மாற்றினால் பச்சை நிறமும் மொறுமொறுப்பும் அப்படியே நிற்கும். தை மாதத்தில் பனங்கிழங்கு வரும், அவித்து நாரெடுத்துக் குச்சி குச்சியாக நறுக்கினால் டிப்புக்கு அதைவிடப் பொருத்தமானது கிடைக்காது. அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, மீந்த சப்பாத்தியைத் துண்டு போட்டுக் கல்லில் மொறுமொறுவென்று வாட்டியது, இவையும் சரி. கேரட்டின் சத்து உடம்பில் சேர டிப்பில் கொஞ்சமாவது எண்ணெயோ எள்ளோ தேங்காயோ இருக்க வேண்டும், அதனால் கொழுப்பே இல்லாத டிப்பைத் தேடி அலைய வேண்டாம்.

சாலட்: வடைப்பருப்பில் தொடங்குங்கள்

ராமநவமிக்குப் பானகம், நீர்மோரோடு படைக்கும் வடைப்பருப்பைவிட எளிய சாலட் கிடையாது. கன்னடத்துக்காரர்கள் கோசம்பரி என்று வாழையிலையின் ஓரத்தில் வைப்பதும் இந்த வகைதான். அரை கப் பாசிப்பருப்பைக் கழுவி ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். ஒரு பருப்பை எடுத்துக் கிள்ளினால் நகம் இறங்கி உடைய வேண்டும், ஆனால் மாவாக நசுங்கக் கூடாது. வடிகட்டியில் கொட்டிப் பத்து நிமிஷம் நன்றாக வடியவிடுங்கள். வெள்ளரியை நீளவாக்கில் பிளந்து, ஸ்பூனால் விதையை வழித்துவிட்டு, பருப்பின் அளவுக்குப் பக்கத்தில் வரும்படி பொடியாக நறுக்குங்கள். துருவிய கேரட், கிளிமூக்கு மாங்காய் கொஞ்சம், தேங்காய்த்துருவல் ரெண்டு டேபிள்ஸ்பூன், கொத்தமல்லி. கடுகு, பச்சைமிளகாய், பெருங்காயம் தாளித்துக் கொட்டுங்கள். மாங்காய் இல்லாத நாளில் எலுமிச்சை. உப்பு மட்டும், எல்லாரும் உட்கார்ந்த பிறகு.

எலுமிச்சைக்கு இன்னொரு வேலையும் உண்டு. பயறிலும் கீரையிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எளிதில் எடுத்துக்கொள்ளாது, கூடவே வைட்டமின் சி இருந்தால் எடுத்துக்கொள்ளும். அதனால் பருப்பு, பயறு சேர்ந்த சாலடில் எலுமிச்சையோ மாங்காயோ நெல்லிக்காயோ கட்டாயம் இருக்கட்டும்.

முளைகட்டிய பயறு

பச்சைப்பயறை எட்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் முடிந்து, காற்றோட்டமான பாத்திரத்தில் வைத்தால் நம் ஊர்ச் சூட்டில் ஒரு நாளுக்குள் முளை எட்டிப்பார்க்கும். நடுவில் ஒருமுறை துணியோடு கழுவிப் பிழிந்து வையுங்கள். வழுவழுப்போ கெட்ட வாடையோ வந்தால் சாப்பிடக் கூடாது.

இதைப் பச்சையாகச் சாப்பிடுவதுதான் சத்து என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். முளை வரத் தேவைப்படும் அதே வெதுவெதுப்பும் ஈரமும் கிருமிக்கும் பிடித்தமானவை என்பதை நினைவில் வையுங்கள். 2011இல் ஜெர்மனியில் ஈ.கோலை கிருமி பரவி ஐம்பது பேருக்கு மேல் இறந்தார்கள், விசாரித்துப் பார்த்ததில் வெந்தய முளையில் போய் முடிந்தது. அதனால் இட்லித் தட்டில் ஐந்து நிமிஷம் ஆவியில் வைத்து எடுங்கள். வைட்டமின் சி கொஞ்சம் குறையும், அதை மேலே பிழியும் எலுமிச்சை ஈடுகட்டிவிடும். குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் பச்சை முளை வேண்டவே வேண்டாம்.

ஆவியில் வைத்த பயறு ஆறியதும் பொடியாக நறுக்கிய வெங்காயம், விதை நீக்கிய தக்காளி, மாதுளை முத்து, வறுத்து ஒன்றிரண்டாக இடித்த வேர்க்கடலை, மிளகுத்தூள் சேர்த்து எலுமிச்சை பிழியுங்கள். வெங்காயம் காரமாக இருந்தால் நறுக்கியதைக் குளிர்ந்த தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டுப் பிழிந்து எடுத்தால் நெடி அடங்கும். மெரினாவில் தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டல் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், அவித்த பட்டாணியில் பொடியாக நறுக்கிய மாங்காயும் தேங்காயும் எவ்வளவு எடுபடும் என்று. கொண்டைக்கடலை, காராமணி, ராஜ்மா எதையும் அந்த வழியில் சாலட் ஆக்கலாம். ராஜ்மாவை மட்டும் நன்றாக ஊறவைத்து, குக்கரில் குழைய வேகவைக்க வேண்டும், அரைவேக்காட்டு ராஜ்மா வயிற்றைக் கெடுக்கும்.

வல்லாரைச் சம்பல்

இலங்கையில் சோற்றோடு சாப்பிடுவது இது, தனியாக ஒரு கிண்ணம் சாப்பிட்டாலும் நன்றாக இருக்கும். வல்லாரை ஈரநிலத்தில் படர்ந்து வளர்வது, ஆகவே மேலே சொன்னதைவிடக் கூடுதலாக அலசுங்கள். உலர்த்திய ஒரு கட்டு இலையைச் சுருட்டிப் பிடித்து, கூர்மையான கத்தியால் நூல்போல அரிய வேண்டும். மழுங்கிய கத்தியில் அரிந்தால் இலை நசுங்கிச் சாறு விட்டுக் கசக்கும். ஐந்தாறு சின்ன வெங்காயம், ஒரு பச்சைமிளகாய், கால் கப் தேங்காய்த்துருவல், உப்பு, தேசிக்காய்ப் புளி, அதாவது எலுமிச்சைச் சாறு. மீன் சாப்பிடுபவர்கள் மாசிக் கருவாட்டை இடித்துத் தூவுவார்கள். எல்லாவற்றையும் சாப்பிடும்போதுதான் கலக்க வேண்டும், நேரம் போகப்போக இலை கறுத்துவிடும். வல்லாரை கிடைக்காவிட்டால் இதே செய்முறையில் கேரட்டைத் துருவிப் போடுங்கள், பிள்ளைகளுக்கு அதுதான் முதலில் பிடிக்கும்.

உப்பு பற்றி ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு சொல்கிறது, ஏறக்குறைய ஒரு டீஸ்பூன், சோறு குழம்பு ஊறுகாய் எல்லாம் சேர்த்து. டிப்பிலும் சாலடிலும் புளிப்பு, மிளகு, வறுத்த சீரகப்பொடி தூக்கலாக இருந்தால் பாதி உப்பே போதும் என்று தோன்றும். கடைச் சாட் மசாலாவிலும் உப்பு நிறைய இருக்கிறது, அதைப் போட்டால் தனி உப்பு வேண்டாம்.

எடுத்து வைப்பதும் கொடுத்து அனுப்புவதும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் புதன்கிழமை வரைக்கும் கவலையில்லை. தயிர் டிப்பும் கொண்டைக்கடலை டிப்பும் ஃபிரிட்ஜில் மூன்று நாள் இருக்கும், சுட்ட கத்தரிக்காய் ரெண்டு நாள், தேங்காய் சேர்ந்தது எதுவானாலும் அன்றைக்கே முடித்துவிடுங்கள். எடுக்கும்போது ஈரமில்லாத ஸ்பூன், வேண்டியதைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு பெரிய டப்பாவை உடனே உள்ளே வைத்துவிட வேண்டும், எல்லாரும் கேரட்டை நேராகப் பெரிய டப்பாவிலேயே முக்கினால் மறுநாளே புளித்துவிடும். பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு வெளியே வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், காற்றில்லாத எண்ணெய்க்குள் ஆபத்தான கிருமி நஞ்சு உண்டாகலாம். கேரட், முள்ளங்கிக் குச்சிகளைத் தண்ணீரில் மூழ்க வைத்து தினமும் தண்ணீர் மாற்றினால் மூன்று நாள் மொறுமொறுப்பாக இருக்கும், வெள்ளரியையும் குடைமிளகாயையும் அப்படிச் செய்யக் கூடாது, உலர்ந்த துணியில் சுற்றி டப்பாவில் வையுங்கள். தக்காளியை முன்கூட்டி நறுக்கவே வேண்டாம்.

பள்ளிக்குக் கொடுத்துவிடுவதானால் பதினொரு மணி இடைவேளைக்குள் சாப்பிடும்படி சின்ன டப்பாவில் குளிரக் குளிரக் கொண்டைக்கடலை டிப் வையுங்கள், காய் தனி டப்பாவில். சாலட் என்றால் எலுமிச்சைத் துண்டையும் உப்பு மிளகுப் பொட்டலத்தையும் தனியாக வைத்து, அங்கேயே கலந்துகொள்ளச் சொல்லுங்கள், எட்டு வயதுப் பிள்ளை தாராளமாகச் செய்யும். மாலைவரைக்கும் பையில் கிடக்கும் என்றால் தயிர் டிப்பும் கொண்டைக்கடலை டிப்பும் வேண்டாம். பொட்டுக்கடலை, வறுத்த எள், காய்ந்த மிளகாய், பூண்டு, உப்பு சேர்த்துத் திரித்த பொடியில் நல்லெண்ணெய் விட்டுக் குழைத்துக் கொடுங்கள். அதில் தண்ணீரே இல்லை, வெயிலில் கிடந்தாலும் மாலைவரை கெடாது, கேரட்டுக்கும் அவித்த சர்க்கரைவள்ளிக்கும் அருமையாகப் பொருந்தும். பூண்டை மட்டும் பச்சையாகப் போடாமல் ஈரம் போக நன்றாக வறுத்துப் போடுங்கள், எண்ணெயையும் அன்றன்று காலையில்தான் விட வேண்டும்.